கொள்ளாமா

தக்கலை சார்பதிவாளர் அலுவலகத்தில்
பெருவிரல் மை காயும் முன்னே சொன்னான் ஜாஸ்பர்:
"அக்கா, இன்னைக்கு நான் சாப்பாடு வாங்கித் தாறேன்.
நல்ல இடத்துல."
மூன்று வருடத்தில்
வக்கீல் இல்லாமல் அவன் என்னிடம் பேசிய
முதல் முழு வாக்கியம்.
அதனால்தான் போனேன்.

கன்னியாகுமரியில் கடலைக் கண்ணாடிக்குப் பின்னால்
நிறுத்தி வைத்திருக்கும் ஓட்டல், நான்காம் மாடி.
லிஃப்டில் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.
அவன் செருப்பையும் பார்த்தேன்.
பரவாயில்லை, இரண்டும் சமபாகம்.

மடியில் விரிக்கத் தந்த துணி
என் சேலையைவிட விலை கூடியதாயிருக்கும்.
அதில் கறை படாமல் காப்பதிலேயே
பாதிப் பசி போய்விட்டது.

மெனுவை வலது ஓரத்திலிருந்து வாசித்தோம்,
பத்திரம் வாசிப்பதுபோல, எண்களை மட்டும்.
மரச்சீனியும் மத்திக் கறியும்
அறுநூற்று எழுபது.
"இந்தக் காசுக்கு அரை மூடை மரச்சீனி வாங்கலாம்"
என்றான்.
"கேட்டுப் பாரு, வீட்டுக்குக் கட்டித் தருவானா இருக்கும்"
என்றேன்.
சிரித்தான்.
மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

வந்தது.
வண்டிச் சக்கரம்போல ஒரு வெள்ளைத் தட்டு,
நடுவில் உள்ளங்கையளவு மரச்சீனி,
உச்சியில் ஒற்றைக் கறிவேப்பிலை
கொடி நட்டதுபோல.
மத்தி இரண்டு, முள் எடுத்தது.
முள் இல்லாத மத்தியில்
எதைத் தேடுவதென்று
நாக்குக்குத் தெரியவில்லை.

தீயல் மருந்துக் கிண்ணத்தில் வந்தது.
உள்ளதைச் சொல்லணும்:
நான் வைப்பதைவிட நன்றாயிருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

"கொள்ளாமா மேடம்?"
அசாம்காரப் பையன், சட்டையில் திபென் என்று பெயர்.
இந்த ஊர்ச் சொல்லை எந்தத் தெருவில் பொறுக்கினானோ.
நான் ஜாஸ்பரைப் பார்த்தேன்,
அவன் என்னைப் பார்த்தான்,
நீ சொல்லு, நீ சொல்லு என்று.
பையன் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான்.

"கிணத்தைப் பொதுவுல விட்டது நல்லதாப் போச்சு."
"அதுல யாரும் தண்ணி கோரலயே இப்ப."
"இருந்தாலும்."
கண்ணாடிக்கு அப்பால் அலை அடித்தது,
சத்தம் மட்டும் உள்ளே வரவில்லை.
வெள்ளிக்கிழமை அவனுக்கு தம்மாம் விமானம்.

பில் வேதப்புத்தகம்போல தோலுறையில் வந்தது.
மூவாயிரத்து நூற்று எண்பத்து நான்கு.
தண்ணீர்க் குப்பி மட்டும் நூற்று அறுபது.
அரை சென்டு பாதைக்கு
இரண்டு சர்வேயர், ஒரு கமிஷன், பதினேழு வாய்தா
இழுத்த கைகள்
இப்போது அந்த உறையை
ஆளுக்கொரு முனையில் இழுத்தன.
"விடுலே."
"நீ விடுக்கா."
அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள்.

அவன்தான் கொடுத்தான்.
டிப்ஸ் என் பங்கு, நூறு ரூபாய்,
திபெனின் கையிலேயே வைத்தேன்.

தட்டில் ஒரு துண்டு மரச்சீனி மீதி.
அவன் கரண்டிக்கு மேற்கு, என் கிண்ணத்துக்குக் கிழக்கு,
தண்ணீர்க் குப்பிக்கு வடக்கு, பில்லுக்குத் தெற்கு.
இன்னார் பேருக்கு என்று எழுதப்படாதது.
இருவரும் தொடவில்லை.
எடுத்துப் போனார்கள்.

எலுமிச்சை மிதந்த வெந்நீரில் விரல் நனைத்தோம்.
மீன் வாசம் போயிற்று,
மை போகவில்லை.

வடசேரியில் பஸ் மாறும்போது பசித்தது.
ரசவடை இரண்டு, நின்றபடி,
காகிதத்தில் எண்ணெய் ஊற.

ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு
என்றதும்
வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.
"அவ்வளவு காசுக்குக் கொள்ளாமா?"
"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன்.
மேலும் என்னவோ கேட்டார்.
என் காதில் ஏறவில்லை.

அந்தப் பல் எப்போது போயிற்று என்று
அவனிடம் கேட்காமலே வந்துவிட்டேன்.