இரட்டை மடிப்பு

காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் கம்பெனி.
பதினோரு சீசனாக எனக்கு ஒரே வேலை:
மூடி அழுத்தி வரும் டப்பாவில்
மணிக்கு ஒன்றை எடுத்து
மடிப்பை வெட்டி, அளந்து, நோட்டில் எழுதுவது.
டப்பா வீங்குவது பிறகுதான் தெரியும்.
கசிவு முன்பே நடந்திருக்கும்,
மயிரிழை அகலத்தில், சத்தமில்லாமல்.

இதெல்லாம் தெரிந்தவள்தான்
ஆறு மாதம் இடப்பக்கமாகவே மென்றேன்.

"பாலக்கோடு பக்கமா?" என்றார் டாக்டர் ஃபர்ஹானா,
நான் வாயைத் திறந்ததும்.
ஆதார் கார்டு கேட்கவில்லை.
போர்த் தண்ணீர் கிழித்த பழுப்புக் கோடு
முன்பல்லிலேயே இருக்கிறது, பின்கோடு உட்பட.

வலது கடைவாயில் பழைய அடைப்பு.
மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் வைத்தது.
அவள் இப்போது ஓசூரில் நைட் ஷிப்ட் பார்க்கிறாள்.
கொக்கி ஊசி ஓரமாய் நகர்ந்து வந்து
ஓரிடத்தில் சிக்கியது.
"இங்கதான் உள்ள இறங்குது.
முழுசும் எடுக்க வேணாம், மிச்சம் கெட்டியா இருக்கு.
ஓரத்தை மட்டும் சரி பண்ணிடலாம்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது.
ஒரு டப்பா கசிந்தால்
லாட்டையே ஒதுக்கச் சொல்வார் எங்கள் சூப்பர்வைசர்.

கறுத்ததைச் சுரண்டினார். பஞ்சு வைத்தார்.
"ஈரம் பட்டா ஒட்டாது, நாக்கை அசைக்காதீங்க."
அதை நாக்கிடம் யார் சொல்வது?
இத்தனை நாள் அந்தக் குழிக்கு வாட்ச்மேன் அதுதான்.

நீல ஜெல். உதட்டுக்குள் எண்ணினார்.
பதினைந்தில் நிறுத்துவார் என்று பார்த்தேன்,
முப்பதைத் தாண்டியும் போனார்.
"உங்க ஊர்ப் பல்லு. ஆசிட் லேசுல பிடிக்காது."
கறையை வைத்த தண்ணீர்
இந்த வீம்பையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

பிறகு பசை, பிறகு பல் நிறத்தில் ஒரு உருண்டை,
பிறகு நீல வெளிச்சம், பீப் என்றது.
சிவப்புத் தாளை வைத்து "கடிங்க" என்றார்.
"மணல் மாதிரி இருக்கு."
தேய்த்தார்.
"இப்போ?"
"பாதி மணல்."
சிரித்துக்கொண்டே மறுபடி தேய்த்தார்.

எண்ணூறு ரூபாய். ஆறு மாதம் கழித்து
ஓரத்தை மட்டும் பார்க்க வரச் சொன்னார்.

ரவுண்டானாவில் ஐஸ் போட்ட சாத்துக்குடி ஜூஸ்.
வலப்பக்கம் தள்ளி நிறுத்திவைத்தேன்.
ஒன்று. இரண்டு. கண்ணை மூடிக்கொண்டு மூன்று.
கடைக்காரர் "புளிக்குதாம்மா?" என்றார்.

நான் அளக்கிற டப்பா
திரும்ப லைனில் ஏறாது.
வெட்டாமல் மடிப்பைப் பார்க்க எங்களுக்கு வழியில்லை.
இதை வெட்டாமலே பார்த்தாயிற்று.
இரண்டு மணி ஷிப்டுக்கு
என்னோடு பஸ் ஏறுகிறது.