வருகையின் நோக்கம்

சுற்றிப்பார்க்க வந்தேன் என்று சொன்னேன்.
அதிகாரி முகத்தைப் பார்க்கவில்லை,
கட்டைவிரலைக் கேட்டார்.
முத்திரையெல்லாம் இப்போது இல்லையாம்.
முப்பது நாள் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது.

சொன்ன பொய்க்குக் கணக்குக் காட்ட வேண்டுமே,
மறுநாளே போய் அந்தச் சிங்கமீனைப் பார்த்தேன்.
படம் எடுத்துத் தேன்மொழிக்கு அனுப்பினேன்.
"வெயில்ல நிக்காதீங்க" என்றாள்.
ஸ்கூட்டியை விற்ற பிறகு
அவள் பேருந்துக்கு நிற்பது எந்த நிழலில் என்று
நான் கேட்கவில்லை.

ரோவல் சாலையில் அறை. ஆறு படுக்கை.
கீழ்க்கட்டில் இருபத்திரண்டு வெள்ளி, மேல்கட்டில் பதினெட்டு.
நான் மேலே.
உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும்,
படுத்துக்கொண்டேதான் விண்ணப்பம்,
நாளைக்கு நாற்பது.
எனக்குக் கீழே அற்புதராஜ், வெல்டிங் இன்ஸ்பெக்டர்.
ஜொகூர் போய்த் திரும்பியதில் அவனுக்குப் பதினாலு நாள் கிடைத்தது.
இன்னொரு முறை பாலம் தாண்டினால்
உள்ளே விடமாட்டார்கள் என்கிறான்.
இந்த அறையில் வயது, ஊர், சாதி
யாரும் கேட்பதில்லை.
எத்தனை நாள் மிச்சம், அதுதான்.
அவனுக்கு நான்கு.

காக்கி புக்கிட்டிலிருந்து ஒரு குளிர்பதன நிறுவனம் அழைத்தது.
மூன்று மணிக்கு நேர்காணல்.
சட்டை வியர்க்காமலிருக்க முஸ்தபாவுக்குள் போய் நின்றேன்.
வாசலில் காவலாளி
என் பையின் வாயை நெகிழிப்பட்டையால் இறுக்கிக் கட்டினார்.
"உங்களைச் சந்தேகப்பட்டு இல்ல தம்பி, எல்லாருக்கும்தான்."
அறுக்க மறந்து ரயிலேறிவிட்டேன்.
உள்ளே சான்றிதழ், அனுபவக் கடிதம், பதினோரு வருடம்.
இடைவெளியைக் கவனிக்கச் சொன்னது ரயில், தமிழில்.
தமிழில் பேசிவிட்டு
என்ன பாஸ் என்று கேட்காத ஒரே குரல்.

வரவேற்பறைப் பெண்ணிடம் கத்தரிக்கோல் கேட்டேன்.
வேலை கேட்டு வந்தவன் முதலில் கேட்டது அதைத்தான்.
அவள் சிரிக்காமல் வெட்டித் தந்தாள்.
துண்டுப் பட்டையை எங்கே போடுவதென்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திருமதி லோவுக்கு என் வயதுதான் இருக்கும்.
மைனஸ் இருபதில் இறால் கெடாமல் பார்த்தவன் நான் என்றேன்.
அமோனியா கசிந்தால்
மானிக்கு முன் என் மூக்குக்குத் தெரியும் என்றேன்.
சிரித்தார். எழுதிக்கொண்டார்.
கம்ப்ரசர்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினோம்.
அந்த இருபது நிமிடம்
எனக்கு வேலை இருந்தது.

"இப்போது என்ன பாஸில் இருக்கிறீர்கள்?"
சொன்னேன்.
பேனாவுக்கு மூடி போட்டார், மெதுவாக,
யாரோ தூங்கும் அறையின் கதவைச் சாத்துவதுபோல்.
கோட்டா இல்லையாம்.
ஊருக்குப் போய் அங்கிருந்து விண்ணப்பியுங்கள் என்றார்.
அங்கிருந்து விண்ணப்பித்தபோது
நேரில் வந்தால் பார்க்கலாம் என்றது
வேறொரு அலுவலகம், வேறொரு நல்ல மனிதர்.

அற்புதராஜ் போய்விட்டான்.
அரைப் பாக்கெட் ஓட்ஸும் ஒரு சோப்பும் எனக்கென்று விட்டிருந்தான்.
கீழ்க்கட்டிலுக்கு மாற மனமில்லை.
காசும்தான்.
ஏஜென்ட் ஒருவர் நாலாயிரம் கேட்டார்,
எழுத்தில் எதுவும் தரமாட்டேன் என்றார்,
எழுந்து வந்துவிட்டேன்.
அதில் வீரம் ஒன்றுமில்லை,
என்னிடம் நாலாயிரம் இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் சாங்கி.
வெளியேறும்போது நோக்கத்தை ஒருவரும் கேட்பதில்லை,
கண்ணாடிக் கதவு தானே திறக்கிறது.
கழிப்பறை வாசலில் ஒரு திரை:
உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?
ஐந்து முகங்கள், அழுவதிலிருந்து சிரிப்பது வரை.
மேலே இன்று துப்புரவு செய்தவரின் படம், பெயர்.
அங் சியூ லான். அறுபதுக்கு மேல் இருக்கும்.
தரை ஓரத்தில் கொஞ்சம் ஈரம்தான்.
அழும் முகத்துக்குப் போன விரலை
நடுவழியில் நிறுத்தினேன்.
ஒருவர் வேலையில் இருக்கிறார்.
மிகச் சிறப்பு என்பதை அழுத்திவிட்டு
நகர்ந்தேன். பின்னால் ஆள் நின்றார்கள்.