இருபத்தெட்டு நாள்

கான்கிரீட்டை வார்த்து
மறுநாள் அச்சைப் பிரித்து
தொட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டால்
இருபத்தெட்டாம் நாள் எடுத்து உடைக்க வேண்டும்.
என் ஆராய்ச்சி அவ்வளவுதான்.
கிழமை மறந்து நாளாயிற்று.
கட்டியை உள்ளே போட்டபோது வெளியே என்ன பூத்திருந்தது,
எடுத்தபோது என்ன உதிர்ந்து கிடந்தது,
ஆய்வேட்டின் ஓரத்தில் பென்சிலால் அதையும் குறித்திருக்கிறேன்.
கைடு கண்ணில் பட்டால்
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போடுவார்.

முதல் தொகுதி போட்ட அன்று
லேப் வாசல் புங்கமரம் மொட்டை.
எடுத்த அன்று ஒரு பச்சை, அப்படியொரு பச்சை,
எண்ணெய் தடவித் துடைத்ததுபோல.
அடுத்ததை எடுப்பதற்குள்
யாரோ பொரி மூட்டையை இழுத்துக்கொண்டு போனதுபோல்
வழியெல்லாம் பூ.

தேர்வு முடிந்து எல்லாரும் ஊருக்குப் போனார்கள்.
மெஸ்ஸில் ஆறே பேர்.
என்ன வேண்டும் என்று கேட்டுச் சமைத்தார்கள்,
அந்த மூன்று வாரம் மட்டும்.
பெருக்குகிறவர்களும் விடுப்பில் போக
நூலகச் சாலை முழுக்க மஞ்சள் வாகை.
அதன்மேல் சைக்கிள் ஓட்டினால்
சக்கரத்துக்குச் சத்தமே இல்லை.

அக்னி நட்சத்திரத்தில் தொட்டி நீர் முப்பத்தைந்து டிகிரி.
விதிப்படி இருபத்தேழு.
கேன்டீனிலிருந்து ஐஸ்கட்டி சுமந்து வந்து
நானும் பெனசீரும் கொட்டினோம்.
விதியை மீறி ஒரு துண்டு
அவளுடைய ரோஸ்மில்க்குக்குள் போயிற்று.

நாவல் பழுத்த வாரம் முதலாண்டுக்காரர்கள் வந்தார்கள்.
"அட்மின் பிளாக் எங்கக்கா?"
கேட்ட நாக்கு ஊதா.
அட்மின் பிளாக் தெரியவில்லை,
மரம் தெரிந்திருக்கிறது.
இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

ஆவணியில் ஒரு நாள், மாலை நாலரை.
தாம்பரம் பக்கம் கறுத்து
சடசடவென்று இறங்கியது. கரன்ட் போயிற்று.
இயந்திரத்தின் தாடையில் என் கட்டி
பாதி விரிசலோடு நின்றது.
"இது உடைஞ்ச கணக்கா, உடையாத கணக்கா?"
லேப் உதவியாளர் வேதகிரி
ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தார்.
"மழை விடட்டும் மேடம், அதையே கேட்டுக்கலாம்."

ஐப்பசி இரவுகளில் ஏழிலைப்பாலை.
பாதி விடுதி மூக்கைப் பொத்தியது,
பாதி விடுதி ஜன்னலோரக் கட்டிலுக்குச் சண்டை போட்டது.
நான் எந்தப் பாதி என்பது
அன்றன்றைய தலைவலியைப் பொறுத்தது.

பிறகு அந்த நாலு நாள்.
கலெக்டர் விடுமுறை அறிவித்துக்கொண்டே இருந்தார்.
லேப்புக்குள் முழங்கால் தண்ணீர்.
தொட்டி எங்கே முடிகிறது,
தரை எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.
சிமென்ட் மூட்டைகளை மேசைமேல் ஏற்றினோம்,
மேசையை மேசைமேல் ஏற்றினோம்.
கட்டிகளுக்கு ஒரு கவலையும் இல்லை,
அவற்றுக்குத் தண்ணீர்தானே உரம்.
எம்-முப்பது கலவையின் உச்சியில்
மூன்று தவளைகள் உட்கார்ந்து
எங்களை மேற்பார்வை பார்த்தன.

மார்கழிக்கு வெயில் வந்ததும்
மைதானத்தில் புல்லுக்குப் பதிலாகத் துணி முளைத்தது.
இருபது டிகிரிக்கு நாங்கள் மங்கிக் குல்லா போட்டோம்.
அரைக்கைச் சட்டையில் டீ குடித்த குமாவூன் பையன்
சிரித்துச் சிரித்துப் புரையேறினான்.
தலைக்கு மேலிருந்து பன்னீர்ப்பூ ஒன்று
காம்பு கீழாகச் சுழன்று வந்து
அவன் கிளாஸில் இறங்கியது.
எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தான்.

இப்போது புங்கை மறுபடி மொட்டை.
எல்லாக் கட்டிகளும் உடைந்தாயிற்று,
எண்கள் அட்டவணையில் ஏறியாயிற்று.
தொட்டியின் மூலையில் மட்டும் ஒன்று,
எந்தத் தொகுதியிலும் சேராதது.
வார்த்த அன்று காற்றில் வந்த இலை
முகத்தில் நரம்போடு பதிந்துவிட்டது.
பழுது என்று ஒதுக்கிவைத்தேன்.
இருபத்தெட்டைத் தாண்டி எத்தனையோ இருபத்தெட்டு.
"அதை உடைக்கலையா?" பெனசீர் கேட்கிறாள்.
இரு, புங்கை பூக்கட்டும் என்கிறேன்.

போன வருஷமும்
இதையேதான் சொன்னேனாம்.