இரண்டு முழங்கைகள்

சோஹாரில் ஒரு குழாய் யார்டு.
வெல்டிங்கைச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டுத் துடைத்து
வெள்ளைப் பொடி தெளித்தால்
விரிசல் தானே கோடு கிழித்துக் காட்டும்.
காட்டாவிட்டால் கையெழுத்து.

என் தோலில் பொடி மட்டும் உண்டு, ஆறு வருடமாக.
இரண்டு முழங்கையிலும் சிவந்த வட்டம்,
அதன்மேல் மீன்கடைப் பலகை போல் செதில்.

செண்பகவல்லி கொடுத்தனுப்பினாள் வெட்பாலைத் தைலம்.
இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால்
கத்தரிப்பூ நிறத்துக்கு வரும்.
"கேள்வி கேக்காம தடவுங்க."

படித்தேன்.
இலைக்குள் இண்டிருபின் என்று ஏதோ இருக்கிறதாம்,
அவுரியிலும் அதுவேதானாம்.
சோதித்துப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர், கொஞ்சம் வாரம்.
'நம்பிக்கை தருகிறது' என்று முடிகிறது கட்டுரை.
நான் அப்படி ரிப்போர்ட் எழுதினால்
குழாயோடு என்னையும் திருப்பி அனுப்புவார்கள்.

ரூமில் லூர்துராஜ் ஸ்டோர்கீப்பர், வாய் திறக்காதவன்.
வெறும் தேங்காயெண்ணெயில் வேம்பாளம்பட்டை ஊறப்போட்டு
அதே நிறத்தில் இன்னொரு பாட்டில் செய்தான்.
ஐம்பது பைசாவைச் சுண்டி
எந்தக் கைக்கு எது என்று எழுதிக்
கவரை ஒட்டித் தன் பெட்டிக்குள் பூட்டினான்.

ஒன்பதாம் வாரம் இடது முழங்கை
கழுவிவிட்ட தரை போலிருந்தது.
வலது அப்படியே.
கவரைப் பிரித்தோம். இடது: தைலம்.
வீடியோ காலில் கையைத் தூக்கிக் காட்டினேன்.
"சொன்னேன்ல" என்றவள்
அடுப்பில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் பிக்கப்பில் போகும்போதுதான் உறைத்தது.
இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம்.
ஏசி செத்து மூன்று மாதம்.
சட்டைக் கையை மடித்து ஜன்னலில் முழங்கையை ஊன்றி
போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது.
தோல் டாக்டர் காசு வாங்கிக்கொண்டு
விளக்குப் பெட்டிக்குள் நிறுத்திக் காட்டுவாரே, அந்த வெளிச்சம்
இடது கைக்கு மட்டும் ஓசியில்.

இலையா, வெயிலா?
லூர்துராஜ் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தான்.

அவளிடம் சொல்லவில்லை.
ஏசிக்கு கேஸ் அடித்தேன். இரண்டு கைக்கும் பித்தான் போட்டேன்.
இடது மறுபடி செதில் விடும்வரை
வர வேண்டிய விருந்தாளிக்குப் போல் காத்திருந்தோம்.
வந்தது.
திரும்பவும் காசு, திரும்பவும் கவர்.

"ரெண்டு கைக்கும் அதையே தடவினா என்னங்க?"
நேற்று கேட்டாள்.
நல்ல கேள்வி. பதில் ஐந்து வாரம் தள்ளி இருக்கிறது.
அதுவரை காலையில் கருப்பு விரிப்பை
இடம் வேறாக, வலம் வேறாகத் தட்டி
இரண்டு பொட்டலம் கட்டி வைக்கிறேன்.
எடை பார்க்க
நகைக்கடைக்காரரிடம் தராசு கேட்டேன்.
எதற்கு என்றார்.