பென்சிலால் நிரப்பவும்

அயனாவரம். கீழே பஞ்சர் கடை,
மாடியில் நாங்கள்.
கம்ப்ரஸர் ஓடும்போது தரை லேசாக அதிரும்.
நிரப்புகிறவரின் கை நடுங்குகிறதா
கட்டடம் நடுங்குகிறதா என்று
எனக்கு எப்போதும் சந்தேகம்.

நூற்று நான்கு வாக்கியங்கள்.
எதிரே இரண்டு வட்டம்: ஆம், இல்லை.
தமிழாக்கியவர் யாரோ நன்றாகப் படித்தவர்.
‘பிறர் என்னைக் கைவிடுவர் என அஞ்சுகிறேன்.’
வேதவல்லி அதன்மேல் விரலை வைத்தாள்.
“அஞ்சறதுன்னா பயப்படறதா மேடம்,
இல்ல அதுக்கும் மேலயா?”
விளக்கக் கூடாது என்பது விதி.
“உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி.”

நாற்பத்தாறு நிமிடம்.
இருபத்தொன்றாவதை நிரப்பினாள், அழித்தாள், நிரப்பினாள்.
ரப்பர் தூளைத் தரையில் விடாமல்
முந்தானையில் சேர்த்துக்கொண்டாள்.

அவள் கணவர் எத்திராஜ்
கரண்டு பில் கட்டுகிறவர் போல
நின்றபடியே ஆறு நிமிடத்தில் முடித்தார்.
எல்லாம் இல்லை.
‘கோபத்தில் பொருட்களை உடைத்ததுண்டு.’
இல்லை.
மேசைமேல் அவளுடைய செல்போன்,
திரை முழுக்கச் சிலந்தி வலை.
“எனக்கு ஒண்ணும் கிடையாது மேடம்.
இவளுக்குத்தான் பாருங்க.”

மாலையில் துளை போட்ட அட்டையைத் தாள்மேல் வைத்து
எட்டிப் பார்க்கும் கறுப்புகளை எண்ணினேன்.
எல்லைக்கோடு பதினொன்று.
அவளுக்குப் பத்தொன்பது.
அவருக்குப் பூஜ்யம்.

பொய் என்று சொல்ல மாட்டேன்.
அவருக்கு அறிமுகமான எத்திராஜ்
உடைக்காத ஆளாகவே இருக்கலாம்.
எழுபதாவதில் அவள் கொடுத்த ஆம்:
‘நான் எதையும் பெரிதுபடுத்துகிறேன்.’
அது யாருடைய குரல் என்று கேட்க
தாளில் வட்டம் இல்லை.

இது முடிவல்ல, சல்லடை மட்டுமே என்கிறது கையேடு.
சரிதான்.
மாவே தன் கையால் பிடித்து
ஆட்டிக்கொள்ள வேண்டிய சல்லடை.

பத்தொன்பதுக்கு மேல் விசாரணை உண்டு, பூஜ்யத்துக்கு இல்லை.
பூஜ்யத்தின் பக்கத்தில் சின்னதாய் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
பேனாவால்.

மறுநாள் நேர்காணலுக்கு அழைக்க
அவள் எண்ணுக்கு அடித்தேன்.
எடுத்தது அவர்.
“சொன்னேன்ல மேடம்” என்றார்,
பாஸான பையனின் அப்பா குரலில்.

ரெண்டு பேரும் வாங்க என்றேன்.
எதுக்கு ரெண்டு பேர் என்றார்.

தேதியைக் குறித்தேன்.
எழுத்து கோணிக்கொண்டு போனது.
கீழே அன்று கடை லீவு.