சாட்சிக் கையெழுத்து

நவம்பர் கடைசி நாள், லைப்சிக், காலை ஒன்பது மணி.
இரண்டாம் மாடி ஹென்ரிக்கே வீட்டைக் காலி செய்கிறாள்.
சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டுமென்று
மேல்வீட்டுக் கதவைத் தட்டினாள்.
ராத்திரி முழுக்க ட்ராம் ஓட்டிவிட்டு வந்தவன் நான்,
சீருடையைக்கூடக் கழற்றவில்லை.
"கழற்றாதே எனெஸ்," என்றாள்,
"பித்தளைப் பொத்தான் இருக்கட்டும்."

வீட்டுக்காரர் வரவில்லை.
அவர் ஆளா நிறுவனமா என்பதே
எங்கள் கட்டடத்தில் எவருக்கும் தெரியாது.
வந்தவர் பெயர் ரீட்மூல்லர்.
ஒரு கையில் டார்ச்,
மறு கையில் அட்டையில் செருகிய நான்கு பக்கப் படிவம்.

காலி வீட்டில் யார் பேசினாலும்
குரல் ஒரு சுற்று பெருத்துவிடுகிறது.
"ஆணித் துளை, பதினேழு" என்று அவர் சொன்னது
தீர்ப்பு வாசிப்பதுபோல் கேட்டது.
"சுவர் முழுக்க வெள்ளையடிக்க வேண்டும்.
முன்பணத்தில் கழித்துக்கொள்வோம்."

முன்பணம் என்பது மூன்று மாத வாடகை.
பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை பார்ப்பவள்
அதை நம்பித்தான்
அடுத்த வீட்டுக்குத் தவணை சொல்லியிருக்கிறாள்.

ஹென்ரிக்கே போனை நீட்டினாள்.
ஒன்பது வருடம் முந்தைய படம், குடிவந்த அன்று எடுத்தது:
இதே சுவர், யாரோ ஊதிய சிகரெட்டின் மஞ்சளில்.
எவரோ மாட்டிய சட்டங்களின் வெளிறிய சதுரங்கள்.
துளைகளும்தான். பதினொன்றை நானே எண்ணினேன்.

"மஞ்சளாக வாங்கினேன்.
வெள்ளையாகத் திருப்பித் தரவேண்டுமா?"

அவர் படிவத்தைப் பார்த்தார்.
படிவத்தில் மஞ்சளுக்குக் கட்டம் இல்லை.

"வாசலருகே தரை தேய்ந்திருக்கிறது" என்றார்.
"நடந்தேன்," என்றாள்.
"அதற்குத்தானே மாதாமாதம் கட்டினேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
ஜன்னலடியில் டார்ச் வெளிச்சம் தாண்டிப் போன இடத்தில்
அவளே குனிந்து விரல் வைத்தாள்:
பலகையில் கருகிய இஸ்திரிப்பெட்டியின் மூக்கு.
"இது நான் செய்தது. எழுதிக்கொள்ளுங்கள்."
எனக்குப் பகீரென்றது.
கேட்காத கடனை எவராவது ஒப்புக்கொள்வார்களா?
அன்றைக்கு ஒரு போன் வந்தது, என்று மட்டும் சொன்னாள்.
யாரிடமிருந்து என்று நானும் கேட்கவில்லை,
படிவமும் கேட்கவில்லை.

ரீட்மூல்லர் இளகவில்லை. அது அவர் வேலையும் இல்லை.
வெள்ளையடிப்பு வரி அப்படியே நின்றது.
அவர் பேனாவையே வாங்கி
அந்த வரியின் ஓரம் "சம்மதமில்லை" என்று எழுதினாள்,
பல்செட்டுக்கு அளவு குறிப்பவளின் சின்னக் கையெழுத்தில்.
மீட்டர் எண்ணுக்கும்
நான்கு சாவிகளுக்கும்
கருகிய பலகைக்கும்
ஒப்பமிட்டாள்.
கீழே நான்: எனெஸ், மூன்றாம் மாடி, சாட்சி.

மார்ச் ஆகிவிட்டது, பணம் வரவில்லை.
இரண்டாவது கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறதாம்;
குடித்தனக்காரர் சங்கத்து வக்கீல்
ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியாக வெட்டிக் கொடுத்தாராம்.
பலகைக்கு எவ்வளவு என்று அதில் அவளே கேட்டிருக்கிறாள்.

நேற்று இரவு வேலை இல்லை.
என் வீட்டுச் சுவர்களைப் படமெடுத்தேன்,
பதினோரு வருடம் தாமதமாக.
கீழே புதிதாக வந்தவன் துளை போட்டுக்கொண்டிருந்தான்.
சுவர் அதிர்ந்து முதல் படம் கலங்கிவிட்டது.
அவன் நிறுத்தும்வரை நின்று
இன்னொன்று எடுத்தேன்.