துட்டு

பள்ளத்தூரில் ஒன்பது நாள் ஐப்பசி மழை.
பத்தாம் நாள் துட்டு தும்மியது.
பதினொன்றில் சோற்றை மோந்துவிட்டு நகர்ந்தது.

தேவகோட்டை மாட்டு டாக்டர்
மூக்கைப் பார்த்தார், விலாவில் காது வைத்தார்.
"எங்கே படுக்கும்?"
இரண்டாம் கட்டில், பூட்டின அறை வாசலில்.
"பாதி மருந்து பூனைக்கு.
மீதி வீட்டுக்கு."

சாவி என்னிடம்.
அனுமதி ஈப்போவில், சிகப்பி ஆச்சியிடம்.

திறந்தேன்.
முட்டைவெள்ளை பூசி இழைத்த சுவரில்
என் தோள் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை.
இலவம்பஞ்சு மெத்தை
பச்சையாய், மெத்தென்று, முளைத்துக் கிடந்தது.
கூரையில் ஒரு ஓடு இல்லை.

துட்டைக் கூடையில் மூடி
எதிர்வீட்டு ரெஜினாவிடம் கொடுத்தேன்.
மூக்குக்குத் துண்டு. சவுக்காரத் தண்ணீர்.
மெத்தையை மழையிலேயே இழுத்துப் போட்டேன்.
ஓடு மாற்ற வேலு ஏறினான்.
ஜன்னல் நான்கும் கிறீச்சிட்டுத் திறந்தன.
ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன்,
கரண்டு பில் என் கணக்கில்.

யாரோ சொல்லி ஆச்சி போன் அடித்தார்கள்.
"யாரைக் கேட்டுத் திறந்தே?"
"துட்டுக்காகத்தான் ஆச்சி."
கடல் தாண்டிக் கொஞ்சம் மௌனம்.
"எவ்வளவு?"

மடியில் தூக்கிப் பார்த்தேன்.
"மூணு கிலோ இருக்கும் ஆச்சி.
இன்னைக்குத்தான் சோறு தின்னுச்சு."